நெத்திலி நாப்பத்தஞ்சு

சொந்தப் புருஷனை ஏலத்தில் தோற்கடித்தவள் ராயபுரத்தில் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். வேறு யாராவது இருந்தாலும் வெளியே சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கு வெட்கம் கொஞ்சம் குறைச்சல், வாய் கொஞ்சம் ஜாஸ்தி. அதனால் சொல்கிறேன்.

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். (அதுலயும் பாதிதான். ரொம்ப பேசுறேன்னு டீச்சரம்மா வூட்டுக்கு அனுப்பிட்டாங்க.) என் புருஷன் சூசை எட்டாவது பாஸ். துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளை எண்ணி, பத்துக்கு ஒரு கோடு என்று சாக்பீஸால் போடுகிற வேலை. ஒரு நாளைக்கு ஆயிரம் மூட்டை எண்ணுகிற மனிதர், ஆகவே வீட்டுக் கணக்கிலும் புலியாகத்தான் இருப்பார் என்று நான் நம்பினேன். அவர் என்னைவிட அதிகமாக நம்பினார்.

கல்யாணம் முடிந்து நான் வந்து சேர்ந்த மாமியார் வீட்டில் ஒரே அறை. அதில் ஏழு பேர், ஓர் ஆடு. புது ஜோடி என்று எங்களுக்கு ஒரு மூலையை ஒதுக்கி, மாமியாரின் பழைய கட்டம்போட்ட சேலையைக் குறுக்கே கட்டிக் கொடுத்தார்கள். சேலையில் இரண்டு கிழிசல். நான் இருமினால் அந்தப் பக்கத்திலிருந்து மாமியார், "தண்ணி வேணுமாடி?" என்பார். இருமாவிட்டாலும், "இன்னா, சத்தத்தையே காணோம்?" என்பார். ஆடு ஒன்றும் கேட்காது. கிழிசல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கும்.

தனியாக ஒரு வீடு பிடித்தாக வேண்டும். அதுவும் போகியத்துக்கு. மொத்தமாக ஒரு தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டால் மாச வாடகை கிடையாது. காலி செய்யும்போது கொடுத்த தொகையை அப்படியே திரும்ப வாங்கிக்கொள்ளலாம். இதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து மாதா கோவிலிலிருந்து வரும் வழியில், என் புருஷன் திட்டம் ஒன்றை வெளியிட்டார்.

"இன்னாமே, சர்க்காரே அஞ்சு வருசத்துக்குத் திட்டம் போட்டுகினு கீது. நாம ஒரு வருசத்துக்குப் போடக் கூடாதா?"

"தாராளமா போடு. அதுல எனக்கு இன்னா வேல?"

"ஒரு தகரப் பொட்டி. அதுக்கு ரெண்டு பூட்டு. ஒரு சாவி உன்னாண்ட, ஒரு சாவி என்னாண்ட. ரெண்டு பேரும் சேந்தாதான் பொட்டி தொறக்கும். துட்டு விசயத்துல நமக்குள்ள ஒளிவுமறைவே இருக்கக் கூடாது, தெரிதா?"

எனக்குப் புல்லரித்தது. அந்தக் காலத்தில் பெண்டாட்டி கையில் பாதிச் சாவி கொடுக்கிற ஆம்பிளை எங்கள் தெருவிலேயே கிடையாது. மொய்ப் பணம் ஐம்பது ரூபாயோடு பெட்டி தொடங்கியது. மாசம் பதினைந்து போடுவது என்று முடிவாயிற்று. அவர் சாவி இடுப்புக் கயிற்றில், என் சாவி தாலிச் சரட்டில். மாசத்தின் முதல் ஞாயிறு, சேலைக்குப் பின்னால் உட்கார்ந்து, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பூட்டைத் திறப்போம். (மாமியார் கிழிசல்ல கண்ண வச்சிகினு எங்களுக்கு முன்னாலயே எண்ணி முடிச்சிடுவாங்க.)

ஒளிவுமறைவு கூடாது என்று பேசிய வாய் உலர்வதற்குள் ஆளுக்கொரு ரகசியத்தைத் தொடங்கிவிட்டோம் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது.

என் ரகசியத்தின் பெயர் லூர்தாக்கா. காசிமேட்டிலிருந்து கூடையில் மீன் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக வருகிறவள். மீனோடு சேர்த்து ஏலச்சீட்டும் நடத்தினாள். இருபது பேர், மாசம் ஆளுக்கு ஐந்து ரூபாய், மொத்தம் நூறு. அந்த நூறு யாருக்கு என்பதற்கு மாசாமாசம் ஏலம். அவசரத் தேவையுள்ளவர் அந்த நூறில் எவ்வளவு விட்டுக்கொடுக்கத் தயார் என்று சொல்வார். பத்து ரூபாய் தள்ளிக் கேட்டால் கையில் தொண்ணூறு கிடைக்கும். தள்ளின பத்து ரூபாயை இருபது பேருக்கும் பிரித்து அவரவர் தவணையில் கழித்துவிடுவார்கள். யார் அதிகமாகத் தள்ளுகிறாரோ அவருக்குத்தான் சீட்டு. கடைசிவரை பொறுமையாக இருப்பவருக்குத் தள்ளல் எதுவுமின்றி முழு நூறு.

லூர்தாக்காவுக்கு எழுதத் தெரியாது. பெயரும் மறந்துவிடும். ஆனால் மீனை மறக்க மாட்டாள். அதனால் சீட்டில் சேர்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு மீன் பெயர் வைத்துவிடுவாள். என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீ நெத்திலி" என்றாள். (சிரிக்காதீங்க. அப்போ நான் அப்படித்தான் இருந்தேன்.) பக்கத்து வீட்டுப் பாத்துமா வெற்றிலை போட்டுச் சிவந்த வாய்க்காரி என்பதால் சங்கரா.

"அக்கா, என் வூட்டுக்காரருக்குத் தெரியக் கூடாது. சத்தியம் பண்ணு" என்றேன்.

"மாதா மேல சத்தியம்" என்று தராசைத் தொட்டுச் சொன்னாள்.

ஏன் மறைத்தேன்? சொன்னால் அதுவும் அவர் திட்டத்தில் ஒரு பகுதியாகிவிடும். ஒருநாள் நூறு ரூபாயை அவர் முன்னால் வைத்து, எட்டாவது பாஸ் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க ஆசை. வேறு நல்ல காரணம் எதுவும் இல்லை.

தவணை ஐந்து ரூபாய்க்கு வழி? குழம்புதான். ஆறு துண்டு மீன் போட வேண்டிய இடத்தில் மூன்று போட்டேன். புளியைக் கரைத்து மேலே ஊற்றினேன். அவர் கரண்டியால் சட்டியைத் துழாவுவார்.

"இன்னாமே, மீனு கடலுக்கே திரும்பிப் பூட்ச்சா?"

"வெல ஏறிப்போச்சுய்யா."

அதே சமயம் அவருடைய ஓவர்டைம் காசும் மெலிந்துகொண்டே வந்தது. கேட்டால், "கப்பல் வரலமே" என்பார். எங்கள் வீட்டிலிருந்து நாலு எட்டில் கடல். போய்ப் பார்ப்பேன். ஆறு கப்பல் வரிசையாக நின்று புகை விட்டுக்கொண்டிருக்கும். சரி, பயாஸ்கோப்புக்குப் போகிறார் போலிருக்கிறது, போகட்டும், நான் என்ன ஒழுங்கா என்று விட்டுவிட்டேன். மனசாட்சி உறுத்துகிற பெண்டாட்டியைப் போல நல்ல பெண்டாட்டி கிடையாது. கேள்வியே கேட்க மாட்டாள்.

இப்படி எட்டு மாசம் போயிற்று. பெட்டியில் நூற்று எழுபது ரூபாய். என் வயிற்றில் ஆறு மாசம். அந்த நேரத்தில்தான் இரண்டு தெரு தள்ளி, வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்திருந்த பாய் ஒருவரின் வீடு காலியானது. ஓர் அறை, தனிச் சமையல்கட்டு, தனிக் குழாய். உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய கதவு. அந்தத் தாழ்ப்பாளை நான் நாலு முறை போட்டுப் போட்டுத் திறந்தேன். பாய் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போகியம் எரநூத்தி அம்பது. திங்கக்கெழம வரைக்கும் பாப்பேன்மா. அப்பால வேற ஆள் கீறாங்க" என்றார்.

எண்பது ரூபாய் இடித்தது. அடகு வைக்க என்னிடம் இருந்த கம்மல், நாத்தனார் கல்யாணத்தின்போது சேட்டுக் கடைக்குப் போய் அங்கேயே குடியிருந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து நாங்கள் இரண்டு பேரும் அசாதாரணமான அமைதியோடு சாப்பிட்டோம்.

"கவலப்படாத. ஆண்டவர் வழி காட்டுவாரு" என்றார் அவர், ஒரு மாதிரி சிரித்துக்கொண்டு.

"ஆமாமா, காட்டுவாரு" என்றேன் நான், அதே மாதிரி சிரித்துக்கொண்டு.

சீட்டு ஏலம் அந்த ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு. அவர் காலை ஷிப்டு போய்விட்டு இரண்டு மணிக்கு வர வேண்டியவர். "சாயங்காலமும் ஓவர்டைம் கீது, வர லேட்டாவும்" என்றார். நானும், "பெரியம்மாவுக்கு மேலுக்கு முடியல, பாத்துட்டு வரேன்" என்றேன். ஒருவரையொருவர் இவ்வளவு சந்தோஷமாக நாங்கள் வழியனுப்பிக்கொண்டதே இல்லை. அரைத்துக்கொண்டிருந்த மஞ்சளைப் பாதியில் விட்டுவிட்டு, கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் பாத்துமாவோடு ஓடினேன்.

லூர்தாக்கா வீட்டில் ஆம்பிளைகள் முன்னறையில். பெண்கள் பின்வாசல் வழியாக வந்து சமையல்கட்டில் உட்கார வேண்டும். நடுவில் கோணிப்பைத் திரை. ஏலம் கேட்பதிலும் ஒரு முறை உண்டு. யாரும் வாயைத் திறக்கக் கூடாது. கருவாட்டு மண்டியில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிற மாதிரிதான். லூர்தாக்கா முந்தானையைத் தன் கைமேல் போட்டுக்கொண்டு வருவாள். உள்ளே கையை விட்டு அவள் மணிக்கட்டை ஒரு தரம் பிடித்தால் பத்து, முழுக் கையைப் பிடித்தால் ஐந்து, ஒரு விரலுக்கு ஒரு ரூபாய். அவள் மீன் பெயரையும் தொகையையும் மட்டும் சொல்வாள்.

"இத்தினி கட்டுப்பாடு எதுக்குக்கா?" என்று ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

"இங்க பாதிப் பேரு புருசனுக்குத் தெரியாம கட்றாங்க. மீதிப் பேரு பொண்டாட்டிக்குத் தெரியாம கட்றாங்க. சத்தம் வெளிய போனா என் சீட்டு நாறிப்பூடும்" என்றாள்.

அந்த மாசம் பெரிதாக யாருக்கும் தேவை இல்லை. எட்டு ரூபாயிலேயே எல்லாரும் ஓய்ந்துவிட்டார்கள். நான் நிதானமாகப் பத்து என்று மணிக்கட்டைப் பிடித்தேன். தொண்ணூறு கையில் வரும், எண்பது பாய்க்கு, மிச்சம் பத்தில் ஒரு தொட்டில் என்று மனசுக்குள் வீட்டையே அடுக்கிவிட்டேன்.

லூர்தாக்கா திரையைத் தாண்டிப் போய் வந்தாள்.

"கெளுத்தி பதினொண்ணு."

யாரடா இந்தக் கெளுத்தி? நான் பன்னிரண்டு. கெளுத்தி பதிமூன்று. நான் பதினைந்து. கெளுத்தி பதினாறு. இருபதுவரை வந்தாயிற்று. இருபதுக்கு மேல் போனால் எனக்கு எண்பது தேறாது. அப்போதாவது நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் ஏலம் என்பது ஒரு மாதிரியான காய்ச்சல். எழுபது வந்தால் பத்தை எங்கேயாவது புரட்ட மாட்டேனா என்று தோன்றியது. அறுபத்தைந்து வந்தால் பதினைந்தையும் புரட்டுவேன் என்று தோன்றியது. முப்பத்தைந்தைத் தாண்டினபோது தொகையே மறந்துவிட்டது. கெளுத்தி ஒழிய வேண்டும், அவ்வளவுதான்.

"எவனோ வட்டிக்காரன்டி. பொண்டாட்டி புள்ளைங்களுக்கு ஒண்ணும் குடுக்காம சேத்து வச்சிகினு கீறான்" என்று பாத்துமாவின் காதில் பல்லைக் கடித்தேன்.

"உடாதக்கா" என்று அவள் தூபம் போட்டாள். (போடாம? தள்ற காசுல அவளுக்கும் பங்கு உண்டே.)

"அவன் வூட்டுக் கொழம்பு காலத்துக்கும் சப்புன்னு போவட்டும்" என்று சாபமிட்டேன். உலகத்தில் அவ்வளவு சீக்கிரம் பலித்த சாபம் கிடையாது. எட்டு மாசம் முன்னாலேயே பலித்திருந்தது.

ஒன்றை மட்டும் கவனித்தேன். முன்னறைக்குப் போய்விட்டுத் திரும்புகிற ஒவ்வொரு முறையும் லூர்தாக்காவின் மணிக்கட்டில் வெள்ளையாகத் தூள் ஒட்டியிருந்தது. தையற்காரனாக இருப்பான் என்று நினைத்தேன். சாக்பீஸ் பிடிக்கிற ஆள் ஒருவர் என் வீட்டிலேயே இருப்பது அந்த நேரத்தில் புத்திக்கு எட்டவில்லை. அந்தப் பக்கத்தில் கெளுத்தியும் அதே மணிக்கட்டில் மஞ்சளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

நாற்பத்துநாலில் கெளுத்தி. நான் கண்ணை மூடிக்கொண்டு மணிக்கட்டை நாலு தரம் அழுத்தி, முழுக் கையையும் பிடித்தேன்.

"நெத்திலி நாப்பத்தஞ்சு. கெளுத்தி இன்னா?" லூர்தாக்கா திரைக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள்.

வாயே திறக்கக் கூடாத அந்த இடத்தில், ஓர் ஆம்பிளைக் குரல் பெருமூச்சு விட்டுக்கொண்டு சொன்னது:

"குட்த்துடுக்கா. மஞ்சக் கை. பாவம், யாரோ வூட்டுப் பொம்பள கஷ்டத்துல கீது."

அந்தக் குரல்தான் தினமும் என்னிடம், மீன் கடலுக்குத் திரும்பிவிட்டதா என்று கேட்கிற குரல்.

"நாப்பத்தஞ்சு, மூணு தரம்" என்று லூர்தாக்கா முடித்த அதே நிமிஷம் நான் கோணித் திரையை இழுத்தேன். அது கயிற்றோடு சேர்ந்து என் தலைமேலேயே விழுந்தது. திரையை விலக்கிக்கொண்டு நான் வெளியே தலை நீட்டியபோது, பத்து ஆம்பிளைகளுக்கு நடுவில் சாக்பீஸ் கையோடு உட்கார்ந்திருந்தார், ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருந்த என் புருஷன்.

"நீயா நெத்திலி?" என்றார்.

"நீயாய்யா கெளுத்தி?" என்றேன்.

"உன் பெரியம்மாவுக்கு எப்டி கீது?"

"உன் கப்பல் வந்துச்சா?"

கோபம் முழுவதும் லூர்தாக்கா பக்கம் திரும்பியது.

"அக்கா, உனக்குத் தெரியும் இல்ல?" என்றார் அவர்.

"தெரியும்."

"ஒரு வார்த்த சொல்லக் கூடாது?"

"எப்டி நைனா சொல்றது? அவ வந்து புருசனுக்குத் தெரியக் கூடாதுன்னு மாதா மேல சத்தியம் வாங்குனா. மறுநாளே ஆர்பர் கேட்டாண்ட நீ வந்து பொண்டாட்டிக்குத் தெரியக் கூடாதுன்னு அந்தோணியார் மேல சத்தியம் வாங்குன. ரெண்டு பேரையும் பகச்சிக்கினு நான் எங்க போறது?"

பத்து ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய ஏலம். எங்கள் காசைத் தள்ளுவதற்கு நாங்களே போட்டி போட்டு, தெருவில் இருபது பேருக்கு ஆளுக்கு இரண்டே கால் ரூபாய் பங்கு வைத்திருந்தோம். பாத்துமா அன்றைக்கு என்னைப் பார்த்த பார்வையில் இருந்த பாசத்தை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. இரண்டு மீனாகச் சேர்ந்திருந்ததால் எங்களுக்கும் நாலரை ரூபாய் கிடைத்தது. "பரவால்ல, நஷ்டத்துலயும் நமக்குதான் டபுள் பங்கு" என்று எட்டாவது பாஸ் ஆறுதல் சொன்னது.

மறுநாள் பாயின் கடைக்குப் போனோம். பெட்டியில் இருந்த நூற்று எழுபது, சீட்டில் வந்த ஐம்பத்தைந்து. ஆக இருநூற்று இருபத்தைந்து. மிச்சம் எங்கே என்று கேட்டார். என் புருஷன் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். பாய் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டீ வாங்கிக் கொடுத்தார். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

"பாய், இருபத்தஞ்சுதான் கொறயுது. மெள்ளத் தந்துடறோம்" என்றேன்.

"அதுக்கு நான் இன்னாம்மா பண்றது? இருபத்தஞ்சு ரூவாக்கி ஒரு ஜன்னலக் கழட்டி வச்சிக்கட்டா?" என்றார். முழுத் தொகையோடு வந்த வேறு ஆள் ஏற்கெனவே கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். சாவி அவருக்குப் போயிற்று. தாழ்ப்பாளும்தான்.

திரும்பி வரும் வழியில் நான் அழுதேன். அவர், "ஏம்மே, கடைசியா எதுவரைக்கும் போயிருப்ப?" என்று கேட்டார்.

"நூறு வரைக்கும்" என்றேன்.

"அப்போ நான் உட்டுக்குட்த்தது நல்லதா பூட்ச்சி. அம்பத்தஞ்சு ரூவாயாவது மிஞ்சிச்சி பார்" என்றார். அழுகைக்கு நடுவில் எனக்குச் சிரிப்பு வந்து தொலைந்தது.

பெரியவன் மாமியார் வீட்டு மூலையில், அந்தக் கட்டம்போட்ட சேலைக்குப் பின்னால்தான் பிறந்தான். கிழிசல் வழியாக அவனை முதலில் பார்த்தது ஆடு. மிச்சமிருந்த பன்னிரண்டு மாசமும் இரண்டு மீனுக்கும் தவணை கட்டினோம். நல்ல வேளை, கெளுத்திக்கு அதற்குப் பிறகு ஏலம் கேட்கும் தைரியம் வரவில்லை. கடைசி மாசம் தள்ளல் இல்லாமல் முழு நூறு வந்தது. அதை வைத்துத்தான் ரயில்வே லைன் ஓரமாக ஒரு வீட்டைப் பிடித்தோம். ஒன்பது குடும்பத்துக்கு ஒரே குழாய். எஞ்சின் போனால் காய்கிற துணியெல்லாம் கறுத்துவிடும். தாழ்ப்பாள் மட்டும் நன்றாக இருந்தது.

அந்தத் தகரப் பெட்டி இன்னும் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. இரண்டு சாவியும் இப்போது ஒரே வளையத்தில், ஆணியில் தொங்குகின்றன. உள்ளே ரேஷன் கார்டும் மருந்துச் சீட்டும்தான்.

ஆனால் அந்த ஏலம் எங்கள் வீட்டில் இன்னும் முடியவில்லை. மின்விசிறியை எத்தனையில் வைப்பது, ஊறுகாயில் உப்பு அதிகமா, பேத்திக்கு எந்த ஊரில் மாப்பிள்ளை பார்ப்பது, எதுவானாலும் சரி, நாங்கள் இரண்டு பேரும் குரலை உயர்த்த ஆரம்பித்தால் போதும். சேலைக்குப் பின்னால் பிறந்த அந்தப் பெரியவன், இப்போது தலை நரைத்துவிட்டது, முன்னறையிலிருந்து சத்தம் கொடுப்பான்:

"நெத்திலி நாப்பத்தஞ்சு. கெளுத்தி இன்னா?"

அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்வார்:

"குட்த்துடு. பாவம், யாரோ வூட்டுப் பொம்பள கஷ்டத்துல கீது."

நான் ஜெயித்துவிட்டு, இந்தத் தடவை எவ்வளவு நஷ்டம் என்று பார்க்கச் சமையல்கட்டுக்குப் போவேன்.